கத்திரி வெயிலில் எத்தனால்: என் லீனியா டி-ஜெட்டும் கப்பலூர்ப் பட்டறையும்

மதுரையிலிருந்து மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி வரைக்கும் மே மாத மதியத்தில் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையின் வெக்கை தெரியும். என்னிடம் இருப்பது 2014 மாடல் ஃபியட் லீனியா டி-ஜெட், டர்போ பெட்ரோல் இன்ஜின் கார். காலை ஆறு மணிக்கு ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டும்போது மிதித்த மாத்திரத்தில் பாய்கிற வண்டி, மதியம் ஒரு மணிக்கு அதே சாலையில் திரும்பும்போது ஒரு லாரியை முந்தத் தயங்கும். பல வருஷம் வெயில் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன சித்திரையில் எத்தனால், அதாவது கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால், அதிகம் கலந்த எரிபொருளுக்கு வண்டியை மாற்றினேன். பதினோரு மாதம், 9,400 கி.மீ. ஓடியாகிவிட்டது. ஒரு கத்திரி வெயில், ஒரு ஐப்பசி மழை, கொடைக்கானலில் ஒரு தை மாதக் குளிர் எல்லாவற்றையும் வண்டி பார்த்துவிட்டது. இனி எழுதலாம்.

எரிபொருளைப் பற்றியும் எழுதுகிறேன், வண்டியை மாற்றிக் கொடுத்த பட்டறையைப் பற்றியும் எழுதுகிறேன். பட்டறை கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். அவரோடு வேலை செய்வது ஒரே ஒரு பையன். ஒரு வண்டியை எடுத்தால் வாரக்கணக்கில் அதையேதான் பார்ப்பார். நாலு பேர் ஒரே நாளில் போன் செய்தால் தாங்காது என்றார். அவர் சொன்னதை மதிக்கிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். அதனால் எத்தனால் எனக்குப் புதிதில்லை, காற்றை அழுத்தி உள்ளே ஊதும் டர்போ இன்ஜின்தான் புதிது. லீனியாவை 2019-இல் திருநெல்வேலியில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். 1,368 சிசி, நாலு சிலிண்டர், கம்பெனிக் கணக்கில் 114 பிஎஸ் திறன், 207 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2020-இல் வேறொரு ஊரில் ஒருவரிடம் இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவில் மேப்பை, அதாவது எரிபொருள், தீப்பொறி அட்டவணையை மாற்றி, டர்போ ஊதும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் கூட்டினேன். அன்றைக்கு அது நன்றாகவே ஓடியது. அதற்குப் பிறகு நாட்டின் பெட்ரோலே மாறிவிட்டது. 2022-இல் 10 சதவீத எத்தனால் எட்டியது, 2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது, இப்போது எந்தப் பங்கில் போட்டாலும் இ20 என்று ஆகிவிட்டது. என் மேப் மட்டும் 2020-லேயே நின்றது.

இதில் உள்ள கணக்கு சின்னதுதான், ஆனால் டியூன் செய்த வண்டி வைத்திருக்கும் பலர் இதைப் பார்ப்பதில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ10 என்றால் ஏறக்குறைய 14.1, இ20 என்றால் 13.5. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் வெளியிலிருந்து குறைவான காற்று போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக ஊற்ற வேண்டும். இ10-க்குச் சரியாக வைத்த மேப்பில் இ20-ஐ ஊற்றினால் கலவை 4 சதவீதம் வரைக்கும் மெலியும். நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்ஸார் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். முழுதாக மிதிக்கும்போது பழைய ஈசியூக்கள் பெரும்பாலும் அட்டவணையை நம்பித்தான் ஊற்றுகின்றன. பூஸ்ட் உச்சத்தில், வெயிலில், கலவை மெலிந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. பழைய டியூனரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே "ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார். அந்த பதில்தான் என்னைக் கப்பலூருக்கு அனுப்பியது.

கப்பலூர்த் தம்பி முதல் நாள் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது அதன் எண்களைப் பதிவு செய்யும் ஒரு சின்ன லாக்கரைச் செருகிக் கொடுத்து, "அக்கா, இப்ப ஊத்துற பெட்ரோல்லயே ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. காலையில ஒரு தடவ, உச்சி வெயில்ல ஒரு தடவ. அப்புறம் பேசுவோம்" என்றார். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து பார்த்தோம். காலையில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு 38 டிகிரி, எரிபொருள் முன்கூட்டி வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக்கிங் சென்ஸார் அமைதி. மதியம் அதே சாலையில் 61 டிகிரி. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் தீப்பொறி வைக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கை ஈசியூ 6 டிகிரி (இது சூடு இல்லை, இன்ஜின் சுழலும் கோணம்) வரைக்கும் குறைத்திருந்தது. வண்டி தயங்கியதற்குக் காரணம் கண் முன்னால் கோடாகத் தெரிந்தது. சோம்பேறித்தனம் இல்லை, தற்காப்பு. சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. தாமதப்படுத்தினால் இழுவை போகிறது.

எத்தனால் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கையைத் துடைக்கும்போது ஜில்லென்று இருக்கும் இல்லையா? ஆவியாகும்போது சருமத்தின் சூட்டை அது எடுத்துக்கொள்கிறது. எடைக்கு எடை எத்தனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சும். அதோடு ஊற்றும் அளவும் அதிகம் என்பதால் மொத்தக் குளிர்ச்சி இன்னும் கூடும். அதன் ஆக்டேன் எண்ணும் 108 பக்கம், எளிதில் முன்கூட்டி வெடிக்காது. நம் ஊர் மாதிரி வெயில் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எரிபொருள் இல்லை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் பந்தயத்துக்காக இதைத் தேடுகிறார்கள். மதுரையில் தினசரி ஓட்டத்துக்கே இது தேவைப்படுகிறது.

நான் கேட்டுக்கொண்டு போனது முழு இ85, அதாவது 85 சதவீத எத்தனால், அதற்கு எரிபொருளை நிமிடத்துக்கு 550 சிசி தூவும் இன்ஜெக்டர். அவர் 440 போதும் என்றார். இன்ஜெக்டர் பெரிதானால் ஐடிலில் கொஞ்சமாகத் தூவும்போது அளவு பிசகும், சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறும் என்பது அவர் சொன்ன காரணம். விலை அதிகமான பொருளை விற்றிருக்கலாம், செய்யவில்லை. டி-ஜெட்டில் இன்ஜெக்டர்கள் இன்டேக் குழாயில் இருப்பதால் மாற்றுவது எளிது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஎஸ்ஐ மாதிரி இன்ஜின்களில் உயர் அழுத்த பம்ப்பும் சேர்ந்து தடையாக வரும். அவர்கள் செலவைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மொத்தம் மாற்றியவை: நாலு இன்ஜெக்டர், டேங்க்குக்குள் இருக்கும் பம்ப், டெஃப்லான் உள்பூச்சுள்ள எரிபொருள் ஹோஸ், சூட்டை வேகமாக வெளியேற்றும், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், பழைய ஈசியூவுக்குப் பதில் அட்டவணை முழுவதையும் நாமே எழுதக்கூடிய ஸ்டாண்டலோன் ஈசியூ, அப்புறம் ஃப்ளெக்ஸ் ஃபியூல் சென்ஸார். செலவு 2,38,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை. இரண்டு வருஷம் சேர்த்தேன்.

இத்தனையிலும் நான் காசு கொடுத்ததற்கு அர்த்தம் தந்தது அந்தக் கடைசிச் சென்ஸார்தான். உள்ளங்கை அளவு இருக்கும். எரிபொருள் அதன் வழியாக ஓடும்போது மின்தேக்குத்திறனை அளந்து எத்தனால் எவ்வளவு என்று சொல்கிறது. எத்தனாலே இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150. பங்க் பெட்ரோல் போட்டபோது 70 காட்டியது, அதாவது சரியாக 20 சதவீதம். ஈசியூ அந்த எண்ணைப் பார்த்து எவ்வளவு ஊற்றுவது, தீப்பொறியை எப்போது வைப்பது, பூஸ்ட் எவ்வளவு என்று தானே மாற்றிக்கொள்ளும். நான் எதைக் கலந்து போட்டாலும் அதற்கு ஏற்றபடி ஓடும். வண்டியைக் கொடுக்கும் நாளில் தம்பி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ரிங் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே சென்ஸாரின் கனெக்டரைக் கழற்றினார். டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது, பூஸ்ட் பாதியாக இறங்கியது, இன்ஜின் நிற்காமல் ஓடியது. "இது பழுதாச்சுன்னா இப்படித்தான் வீடு வந்து சேருவீங்க" என்றார். பழுதானால் என்ன ஆகும் என்பதைச் செய்து காட்டிய மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எரிபொருள் கிடைப்பதுதான் பெரிய தொல்லை. 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற பெயரில் ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் விற்பனை தொடங்கினார்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. பெயர் 100 என்றாலும் உள்ளே ஏறக்குறைய 93 சதவீதம் எத்தனால், 5 சதவீதம் பெட்ரோல், மீதி கூட்டுக் கரைப்பான். நான் போடும் பங்க் மதுரைக்குள் இல்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது போட்டுக்கொள்வேன். இரண்டு முறை இருப்பு இல்லை என்று திரும்பினேன். வீட்டில் கேனில் சேர்த்து வைக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம், ஆபத்து. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று தொழிற்சாலை ஸ்பிரிட்டை வாங்கிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். தவிர, அதில் மெத்தனால் கலந்திருக்கலாம். மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும், மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் விஷம்.

அலங்காநல்லூர் வழியாகப் போகும்போதெல்லாம் அரவை இல்லாமல் கிடக்கும் சர்க்கரை ஆலையைப் பார்ப்பேன். கரும்பும் ஆலையும் இருந்த ஊருக்கு இருபது கி.மீ. தள்ளி உட்கார்ந்துகொண்டு எத்தனாலுக்கு நான் அலைகிறேன். மனசு வலிக்கிறது.

சரி, எவ்வளவு எத்தனால் போதும்? இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்: பாதிக்குப் பாதி போதும். டேங்க்கில் 20 லிட்டர் இ20 இருக்கும்போது 20 லிட்டர் எத்தனால் 100 போட்டால் கணக்குப்படி 56.5 சதவீதம். வண்டியை ஐந்தாறு கி.மீ. ஓட்டியபின் சென்ஸார் 106 ஹெர்ட்ஸ் காட்டியது, கணக்கு ஒத்துவந்தது. அந்த மே மாதம் அதே கொட்டாம்பட்டி சாலையில் அதே மதியத்தில் லாக் எடுத்தேன். உள்ளே போகும் காற்றின் சூடு 60 டிகிரி, கொஞ்சமும் குறையவில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: சூட்டை அளக்கும் சென்ஸார் இன்ஜெக்டருக்கு முன்னால் இருக்கிறது, எத்தனால் தன் வேலையைச் செய்வது அதற்குப் பின்னால். நாக்கிங் பக்கத்தைப் பார்த்தால் நாலு சிலிண்டரிலும் டைமிங் குறைப்பு சுழியம். ஒரே ஒரு இடத்தில் 1 டிகிரி. பெட்ரோலில் 6 டிகிரி குறைத்த அதே வண்டி.

பிறகு ஆசைக்கு டேங்க்கைக் காலி செய்து எத்தனாலை 80 சதவீதத்துக்கு மேலும் ஏற்றிப் பார்த்தேன். நாக்கிங் ஏற்கெனவே இல்லை, அதற்கு மேல் இல்லாமல் போக என்ன இருக்கிறது? இழுவை கூடவில்லை, ஏனென்றால் என் சின்ன டர்போ ஊதும் காற்றுக்கு ஒரு எல்லை உண்டு. கூடியது செலவு மட்டும். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இ20-இல் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்த வண்டி, பாதிக்குப் பாதியில் 12, எண்பதுக்கு மேல் 10.5. கோயம்புத்தூரில் வண்டியின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றியபோது சக்கரத்தில் கிடைத்தது இ20-இல் 119 குதிரைத்திறன், பாதிக் கலவையில் 135. இரண்டும் ஒரே நாளில், ஒரே டைனோவில் எடுத்தவை. பெரிய டர்போ வைத்தவர்களுக்கு இ85 தேவைப்படலாம். கம்பெனி டர்போவோடு ஓட்டுபவர்கள் பாதியில் நின்றுகொள்ளலாம்.

சென்ஸார் இல்லாதவர்கள் கூட எரிபொருளைச் சோதிக்கலாம், எந்தப் பிளஸ் டூ மாணவியும் செய்வாள். 100 மி.லி. அளவு ஜாடியில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல். மூடிக் குலுக்கி நிற்க விடுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். இ20 என்றால் கீழ் அடுக்கு 10-லிருந்து 28 பக்கம் வரும். எத்தனால் அதிகமான கலவைக்கு 10 மி.லி. தண்ணீர் பற்றாது, கோடே தெளிவாக விழாது. பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இதைத் திறந்த வெளியில், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

இனி கொடைக்கானல். தை மாதம் குடும்பத்தோடு போனோம், வத்தலக்குண்டு வழியாக மலை ஏறும்வரை வண்டி அற்புதம். மறுநாள் காலை நாயுடுபுரத்தில் 8 டிகிரி. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பதுதான். பெட்ரோலில் லேசான பொருள்கள் எவ்வளவு குளிரிலும் ஆவியாகும். எத்தனால் ஒற்றைப் பொருள். அதன் தீப்பற்று நிலை 13 டிகிரி பக்கம், அதற்குக் கீழே தீப்பொறி பட்டாலும் பற்றுவதற்குப் போதிய ஆவி இருக்காது. டேங்க்கில் இருந்த பெட்ரோல் பங்குதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். தம்பிக்குப் போன் செய்தேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியை ஆன் செய்து பம்ப் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நாலாவது முயற்சியில் பிடித்தது. பிடித்தபின் ஒரு குறையும் இல்லை.

இறங்கி வந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். குளிர் ஸ்டார்ட் அட்டவணையை மதுரைச் சூட்டுக்கு மட்டும் பார்த்திருக்கிறார், இங்கே விடியற்காலையில்கூடக் கொடைக்கானல் அளவுக்குக் குளிராது. கீழே இருந்துகொண்டு அதைச் சரிசெய்யவும் முடியாது. அடுத்த வாரமே என் வண்டியை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போய் இரண்டு இரவு தங்கினார். குளிர் ஸ்டார்ட் என்பது இரவெல்லாம் நின்ற இன்ஜினில் மட்டும்தான் சோதிக்க முடியும், ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும், அடுத்த முயற்சிக்கு மறுநாள் காலைதான். அவருக்குக் கிடைத்தது இரண்டு விடியற்காலைகள், இரண்டே முயற்சிகள். முதல் நாள் மூன்று விநாடி சுற்றியபின் பிடித்திருக்கிறது, இரண்டாம் நாள் ஒன்றரை விநாடி. தங்கிய செலவை வாங்கிக்கொள்ளவே இல்லை. எவ்வளவோ வற்புறுத்தியும் டீசல் போட்டு வந்த தன் வண்டிக்காக எண்ணூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். அவருடைய பையன் அதில் பின்னாலேயே வந்திருந்தான்.

தினசரிப் பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எத்தனால் டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் 800 கி.மீ.க்குள் என் ஃபில்டர் பாதி அடைத்துவிட்டது, மாற்றினேன். இன்ஜின் ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஏனென்றால் பள்ளிக்குப் போய்வரும் 4 கி.மீ. ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. அப்போது எரியாத எத்தனாலும் ஈரமும் ஆயிலில் இறங்கும். மழைக்காலத்தில் ஆயில் மூடியின் அடியில் பால் மாதிரி லேசான படலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் வரை ஓட்டிவந்தால் மறைந்துவிடும். வண்டி மூன்று வாரம் நிற்கப் போகிறது என்றால் வெறும் பங்க் பெட்ரோலில் ஓட்டி நிறுத்துங்கள், எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நீங்கள் மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுத்தான் செய்தேன்.

பட்டறை மேல் எனக்கு இரண்டு குறை. இரண்டு வாரத்தில் தருகிறேன் என்ற வண்டி ஐந்து வாரம் ஆனது. ஹோஸ் வரத் தாமதம் என்பது நியாயம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் நான்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பள்ளிக்கு ஆட்டோவில் போய்வந்த செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் பட்டது. புது வயரிங்குக்கு எந்த வரைபடமும் தரவில்லை. ஃபியட் கார்கள் இப்போது இங்கே விற்பனையிலேயே இல்லை, பழைய மெக்கானிக்குகளும் குறைகிறார்கள். நாளைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வண்டி நின்றால் அந்த ஊர் எலக்ட்ரீஷியன் எதைப் பார்த்து வேலை செய்வார்? இதைப் பங்குனி ஆரம்பத்தில் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

போன ஞாயிறு அவரே வீட்டுக்கு வந்தார். நாலு பக்கம், கையால் வரைந்தது, ஒவ்வொரு வயருக்கும் நிறமும் எந்த ஃபியூஸிலிருந்து எங்கே போகிறது என்பதும் தமிழில் எழுதி, லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். சென்ஸாரின் மூன்று வயர்களுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.